பாட்டு நிறுவனத்துடையது, பிளேலிஸ்ட் யாருடையது? மூடப்படும் இசைச் செயலிகள் சொல்லும் பாடம்

ஏர்டெல் சிம் வைத்திருந்த பலருக்குக் கைப்பேசியில் வந்த முதல் இசைச் செயலி விங்க் மியூசிக்தான். 2014 செப்டம்பரில் அறிமுகமானது. காலர் டியூனைக்கூட அதற்குள்ளேயே மாற்றிக்கொள்ளலாம் என்பதால், பாட்டு கேட்காதவர்கள் போனிலும் அது இருந்தது. 2024 ஆகஸ்ட் இறுதியில் ஆப்பிள் நிறுவனத்துடன் கைகோப்பதாக அறிவித்தது ஏர்டெல். கூடவே விங்க் சேவையை நிறுத்தப்போவதாகவும், பிரீமியம் சந்தாதாரர்களுக்கு ஆப்பிள் மியூசிக்கில் சலுகை கிடைக்கும் என்றும் சொன்னது. பத்தாண்டுக் கதை முடிந்தது.

"அதுக்கென்ன? அதே பாட்டுதான் ஸ்பாட்டிஃபைல இருக்கே, யூடியூப்ல இருக்கே" என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் சரிதான். பிரபலமான ஒரு திரைப்பாடலை இன்று ஐந்தாறு செயலிகளில் கேட்கலாம். அப்படியிருந்தும், மூடிப்போன செயலியை நினைத்து ஏங்குகிறவர்கள் ஏன் இத்தனை பேர்? "அது மாதிரி வேற ஆப் இருக்கா?" என்று ஏன் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்?

உண்மையில் எது தொலைகிறது?

ஏக்கத்தில் ஒரு பங்கு வயதைச் சேர்ந்தது. ஹாஸ்டல் அறை, முதல் வேலை, முதல் சம்பளத்தில் வாங்கிய இயர்போன் எல்லாம் அந்தச் செயலியோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. அதை எந்த மாற்றுச் செயலியும் திருப்பித் தராது.

மீதிப் பங்கு அப்படிப்பட்டதல்ல. கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி மதுரையில் இறங்கும்வரை கேட்க ஒருவர் தொகுத்து வைத்த நூறு பாட்டு, இரவு ஷிஃப்டுக்கென ஒரு பட்டியல், அம்மாவுக்குப் பிடித்ததை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்த இன்னொரு பட்டியல். எதற்குப் பிறகு எது வர வேண்டும் என்ற வரிசை. இதயக் குறியைத் தட்டித் தட்டிச் சேர்ந்த சில ஆயிரம் 'லைக்'குகள். இதில் எதையும் நிறுவனம் செய்யவில்லை, கேட்டவர்தான் செய்தார். பாட்டுக்கு உரிமையாளர் உண்டு, செயலிக்கும் உரிமையாளர் உண்டு. இந்தத் தொகுப்பு யாருக்குச் சொந்தம் என்பதுதான் ஒவ்வொரு முறையும் பதில் இல்லாமல் போகும் கேள்வி.

விங்க் முதலாவதும் அல்ல

இந்தியப் பாடல்களுக்காகவே இயங்கிய டிங்கானா 2014 தொடக்கத்தில் நின்றது. டி-சீரிஸ் நிறுவனம் உரிமத்தைப் புதுப்பிக்காதது அதற்குப் பெரிய அடி. அதை வாங்கி இந்தியாவுக்குள் வர நினைத்த அமெரிக்காவின் ஆர்டியோ, 2015 இறுதியில் தானே திவாலாகி மூடியது. பைட்டான்ஸ் நிறுவனத்தின் ரெஸ்ஸோ 2020 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்து 2024 ஜனவரி 31-ல் விடைபெற்றது. கூகுள் பிளே மியூசிக் 2020 இறுதியில் ஓய்வு பெற்றது.

எல்லோரும் ஒரே மாதிரி மூடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவின் க்ரூவ்ஷார்க்கில் பயனர்களே பாட்டை ஏற்றுவார்கள், உலகமே கேட்கும். அதற்குரிய உரிமம் இல்லை என்று பெரிய இசை நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2015 ஏப்ரல் 30 அன்று சமரசம் கையெழுத்தானது. அன்றே தளம் மூடப்பட்டு ஒரு மன்னிப்புக் கடிதம் மட்டும் தொங்கியது. முதல் நாள் வரை பாட்டு கேட்டவர்களுக்கு மூட்டை கட்டக்கூட நேரமில்லை.

கூகுள் பிளே மியூசிக் விஷயத்தில் நடந்தது வேறு. யூடியூப் மியூசிக்குக்கு மாறுவதற்கு ஒரு பட்டன் கொடுத்தார்கள், பல மாத அவகாசமும் கொடுத்தார்கள். பிளேலிஸ்ட், லைக், பயனர் தானே ஏற்றிய பாட்டு என எல்லாம் இடம் மாறின. புதிய செயலி பிடிக்கவில்லை என்று புலம்பியவர்கள் உண்டு. ஆனால் பட்டியல் போய்விட்டது என்று புலம்ப வேண்டிய நிலை வரவில்லை.

பட்டியலைக் காப்பாற்றிக் கொடுப்பது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் அல்ல, நிறுவனம் எடுக்கும் முடிவு. ஆயிரம் பாட்டின் பெயர், படம், பாடகர் விவரத்தை வெறும் எழுத்தாகச் சேமித்தால், வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'குட் மார்னிங்' படத்தின் அளவுகூட வராது.

ஏன் மூடுகிறார்கள்?

இசைச் செயலி பார்க்க லாபமான தொழில் மாதிரி தெரியும். கணக்கு வேறு. வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பாட்டின் உரிமையாளர்களுக்குப் போகிறது என்று ஸ்பாட்டிஃபையே சொல்கிறது. மற்ற மென்பொருள்களில் ஆள் கூடக் கூடச் செலவு குறையும். இங்கே ஆள் கூடினால் உரிமத் தொகையும் கூடும். இந்தியாவில் 2019-ல் ஸ்பாட்டிஃபை நுழைந்தபோது மாதச் சந்தா 119 ரூபாய், யூடியூப் மியூசிக் 99 ரூபாய். அதையும் கட்டாமல் விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவர்கள்தான் நம் ஊரில் அதிகம்.

தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குப் பாட்டு ஒரு தூண்டில். ரீசார்ஜ் செய்தால் பாட்டு இலவசம் என்று சொல்லி வாடிக்கையாளரைப் பிடித்து வைக்கலாம். அந்தத் தூண்டிலைத் தாங்களே தயாரிப்பதைவிட வெளியில் வாங்கிக் கொடுப்பது மலிவு என்று தோன்றும் நாளில், சொந்தச் செயலி தேவையற்றதாகிவிடுகிறது. இதைத் துரோகம் என்று சொல்ல முடியாது, வியாபாரம். அதனால்தான் எந்தச் செயலியையும் நிரந்தரம் என்று நம்பிப் பத்தாண்டு உழைப்பை உள்ளே பூட்டி வைக்கக் கூடாது.

மூடாத செயலியிலும் பாட்டு காணாமல் போகும்

செயலி உயிரோடு இருந்தாலும் உள்ளே இருக்கும் பாட்டுக்கு உத்தரவாதம் இல்லை. 2019-ல் உரிமப் பிரச்சினையால் சரிகம நிறுவனத்தின் பாடல்கள் ஸ்பாட்டிஃபையில் இல்லாமல் போயின. எச்.எம்.வி. காலத்துத் தமிழ்ப் பாடல்கள் பலவற்றின் உரிமை அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. 2020-ல் உடன்பாடு ஏற்பட்ட பிறகே அவை வந்தன. 2023 மார்ச்சில் ஜீ மியூசிக் பாடல்கள் இதேபோல் ஸ்பாட்டிஃபையிலிருந்து விலகின.

"நான்தான் டவுன்லோடு பண்ணி வச்சிருக்கேனே" என்பதும் அரைகுறைப் பாதுகாப்புதான். செயலிக்குள் 'டவுன்லோடு' செய்வது பழைய எம்பி3 கோப்பு மாதிரி அல்ல. அந்தச் செயலியால் மட்டுமே திறக்க முடிகிற பூட்டிய பெட்டி அது. ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் தலைகாட்டாவிட்டால் பதிவிறக்கம் செல்லாது. செயலியே போனால் பெட்டி மட்டும் எதற்கு?

மாறும்போது தமிழுக்கு மட்டும் ஏன் கூடுதல் சிக்கல்?

ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குப் பட்டியலை மாற்றித் தரும் சேவைகள் இருக்கின்றன. சவுண்டீஸ், டியூன் மை மியூசிக் ஆகியவை அதிகம் தெரிந்தவை. இலவசத்தில் அளவுக்கட்டுப்பாடு உண்டு. ஆங்கிலப் பாட்டு என்றால் பெரும்பாலும் சிக்கலில்லை. தமிழ்ப் பாட்டில்தான் தடுமாறும்.

காரணம் எளிது. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. எனப்படும் 12 எழுத்து-எண் அடையாளக் குறியீடு உண்டு. அது பொருந்தினால் சரியான பாட்டு கிடைக்கும். பழைய பாடல்கள் வெவ்வேறு தொகுப்புகளில் மறுபடி மறுபடி வெளியாகும்போது, கேட்பவருக்கு ஒரே பாட்டாகத் தெரிவது கணினிக்கு வேறு வேறு பதிவாகத் தெரியும். குறியீடு பொருந்தாவிட்டால் பெயரை வைத்துத் தேடும். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுத ஒரே முறை கிடையாதே. 'ழ'வுக்கு ஒருவர் ஓரெழுத்து போடுவார், இன்னொருவர் ஈரெழுத்து போடுவார். இளையராஜாவின் பெயரையே எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! ஒரு செயலி இசையமைப்பாளரைக் கலைஞர் என்று காட்டும், இன்னொன்று பாடகரைக் காட்டும். முடிவில் அசல் பாட்டுக்குப் பதில் கவர் வெர்ஷனோ, கரோக்கியோ, தெலுங்குப் பதிப்போ வந்து உட்காரும். மாற்றிய பிறகு பட்டியலை ஒரு முறை கண்ணால் சரிபார்ப்பது தமிழ் ரசிகர்களுக்குக் கட்டாயம்.

புதிய செயலியை எதை வைத்துத் தேர்வு செய்வது?

ஒலித்தரம், விலை, விளம்பரம், பாடல் வரி வசதி என்று பலரும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தேவைதான். அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது: இதைவிட்டு வெளியேற வழி இருக்கிறதா?

• யூடியூப் மியூசிக் பட்டியல்களை 'கூகுள் டேக்அவுட்' வழியாக எடுத்துக்கொள்ளலாம். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் ஆகியவற்றிலும் கணக்கின் தனியுரிமைப் பக்கத்தில் தரவைக் கோரிப் பெறலாம். மற்ற செயலிகளில் இந்த வசதி இருக்கிறதா என்பதைச் சேரும் முன்பே தேடிப் பாருங்கள்.

• ஆண்டுக்கு ஒரு முறை, பிறந்தநாளோ பொங்கலோ ஏதாவது ஒரு நாளில், பட்டியலை எடுத்துச் சேமியுங்கள். பாட்டின் முதல் வரி, படம், ஆண்டு, பாடகர் ஆகிய நான்கும் தமிழிலேயே இருந்தால் எந்தக் காலத்திலும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.

• இல்லாமல் இருக்கவே முடியாது என்கிற ஐம்பது பாட்டை மட்டும் காசு கொடுத்து வாங்கலாம். ஐடியூன்ஸ் ஸ்டோரில் வாங்கும் பாடல்கள் பூட்டு இல்லாத கோப்பாகவே வரும். சுயாதீனக் கலைஞர்கள் பலர் பேண்ட்கேம்பில் நேரடியாக விற்கிறார்கள்.

• பழைய சிடியிலிருந்து எடுத்த பாட்டு கையில் இருந்தால், அதை யூடியூப் மியூசிக்கில் ஏற்றி எங்கிருந்தும் கேட்கும் வசதி இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 20-வது பிரிவு, ஒருவர் ஒரு சேவைக்குத் தந்த தரவை எடுத்துக்கொண்டு இன்னொரு சேவைக்குப் போகும் உரிமையைக் கொடுக்கிறது. இந்தியாவில் 2019-ல் கொண்டுவரப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவிலும் இந்த உரிமை இருந்தது. அந்த மசோதா திரும்பப் பெறப்பட்டு, 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. செல்போன் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமை நமக்கு 2011-லேயே கிடைத்துவிட்டது. பிளேலிஸ்ட்டுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

"ஓசியில கேட்டுட்டு உரிமை வேற பேசுறீங்களா?" என்று ஒரு கேள்வி வரும். ஓசியில் யாரும் கேட்கவில்லை. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் விளம்பரத்தைச் சகித்துக்கொண்டார்கள். எந்த நேரத்தில் எதைக் கேட்கிறார்கள் என்ற தகவலைக் கொடுத்தார்கள். 'உங்களுக்காக' என்று செயலி பரிந்துரைக்கும் பாடல்களுக்கு மூலப்பொருளே இவர்கள் தட்டிய லைக்குகளும் தொகுத்த பட்டியல்களும்தான்.

கேட்பதும் பெரிதல்ல. யாரும் பாட்டை இலவசமாகக் கொடுக்கச் சொல்லவில்லை, நஷ்டத்தில் செயலியை ஓட்டச் சொல்லவும் இல்லை. மூடுவதற்குக் குறைந்தது 90 நாள் முன்பு சொல்ல வேண்டும். அந்த நாள்களில் ஒவ்வொருவரும் தன் பட்டியலை எல்லாச் செயலிக்கும் புரிகிற ஒரு கோப்பாக எடுத்துக்கொள்ள வழி செய்ய வேண்டும். இந்த இரண்டும் நிறுவனத்தின் பெருந்தன்மையாக இல்லாமல் விதியாக இருக்க வேண்டும். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்ல உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு. உள்ளே இருக்கும் சாமான் செட்டை எடுத்துக்கொள்ள விடாமல் பூட்டுப் போட அதிகாரம் கிடையாது.

விதி வரும்போது வரட்டும். இப்போது கையில் இருக்கும் செயலியில் செட்டிங்ஸைத் திறந்து, 'எக்ஸ்போர்ட்' அல்லது 'டவுன்லோடு யுவர் டேட்டா' என்று ஏதாவது இருக்கிறதா என்று தேட ஐந்து நிமிடம் போதும். இருந்தால் இன்றே ஒரு நகல் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால், அடுத்த பாட்டை அந்தப் பட்டியலில் சேர்க்கும் முன் அதன் பெயரை வேறோர் இடத்திலும் குறித்து வையுங்கள்.