அம்மாவின் முழங்காலும் ஒரு கொமட்டின் விலையும்

முப்பது வருடங்களுக்கும் மேலாக அரசியலையும் பொருளாதாரத்தையும் எழுதிக் காலந்தள்ளிய என்னை, கடந்த இரண்டு மாதங்களாக முழுமையாக ஆக்கிரமித்திருந்த விவகாரம் ஒரு மலசலகூடம். முகஞ்சுளிக்கும் வாசகர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால், புலம்பெயர்ந்த நாடுகளில் இருந்துகொண்டு ஊரில் தனித்திருக்கும் பெற்றோருக்கு வீடு திருத்திக் கொடுக்கும் அன்பர்கள் தொடர்ந்து வாசிப்பது நல்லது என்பது எனது தாழ்மையான அபிப்பிராயம்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்களது வீட்டில் 2010 வரை கிணற்றுக்கு அப்பால், வேலியோரமாக ஒரு கக்கூஸ் மாத்திரமே இருந்தது. (ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் அது. இன்று அநாகரிகமான வார்த்தையாகக் கருதப்படுகிறது.) போர் முடிந்த மறுவருடம் கனடாவில் இருந்து குடும்பத்துடன் வந்த தம்பி, பிள்ளைகள் குந்தி இருக்கமாட்டார்கள் என்று கூறி, வீட்டுக்குள்ளேயே குளியலறையுடன் கூடிய புதிய மலசலகூடத்தைக் கட்டுவித்தான். கொழும்பில் இருந்து லொறியில் கொண்டுவரப்பட்ட வெளிநாட்டுக் கொமட். தண்ணீர்த் தொட்டியும் இருக்கையும் ஒரே பீங்கானாக வார்க்கப்பட்டது. அயலவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தம்பியின் குடும்பம் அதை மூன்று வாரங்கள் பாவித்தது. அம்மா பதினைந்து வருடங்களாகப் பாவித்து வருகிறார்.

அந்தக் கொமட்டின் தொட்டிக்குள் இருக்கும் வால்வு கடந்த வருடம் கசியத் தொடங்கியது. எங்களது குடாநாட்டின் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கற்பாறையில் இருந்து வருவது. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு வால்வின் றப்பர் வளையத்திலும் படிகிறது. வளையம் சரியாக உட்காராது போனால் தண்ணீர் சத்தமில்லாமல் கோப்பைக்குள் வழிந்துகொண்டே இருக்கும். பலகாரத்துக்குப் போடும் சிவப்புக் கலரைத் தொட்டிக்குள் சிறிது கரைத்துவிட்டு அரை மணிநேரம் காத்திருந்தேன். எவரும் தண்ணீர் அடிக்காமலேயே கோப்பை சிவந்துவிட்டது. பிறகு தொட்டிக்கு வரும் குழாயைப் பூட்டி, நீர்மட்டத்தைப் பென்சிலால் அடையாளமிட்டு அளந்து பார்த்ததில், ஐந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் போய்க்கொண்டிருந்தது. நாளொன்றுக்கு 288 லீற்றர். அதாவது, ஒரு தடவைக்கு ஆறு லீற்றர் வீதம் 48 தடவைகள் யாரோ கண்ணுக்குத் தெரியாதவர் எங்கள் வீட்டு மலசலகூடத்தைப் பாவித்துக்கொண்டிருக்கிறார்!

அந்தத் தண்ணீரை மேலே ஏற்றுவது மின்சார மோட்டர். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் உயர்த்தப்பட்டதை இலங்கையில் வாழ்பவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பின்னர் குறைத்தார்கள், மீண்டும் மாற்றினார்கள் என்பது வேறு கதை. கட்டணத்தையும் விடுங்கள். ஆறில்லாத குடாநாடு எங்களுடையது. நிலத்தடி நீர்தான் கதி. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை 2024 ஓகஸ்டில் பெருஞ்செலவில் திறக்கவேண்டி வந்தது இந்தப் பற்றாக்குறையினால் தானே? ஒரு பக்கம் உப்பை அகற்றிக் குடிநீர் தயாரித்துக்கொண்டு, மறுபக்கம் கிணற்றில் இருந்து இறைத்த நன்னீரை இரவு பகலாக மலக்குழிக்குள் ஊற்றுகிறோம். குழிக்குள் போனது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக் கல்லினூடாக மறுபடியும் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை விளக்கவேண்டியதில்லை. எங்கள் கிணறுகளில் நைத்திரேற்று அதிகரித்திருப்பதற்கு உரப் பாவனையுடன் மலக்குழிகளும் காரணம் என்று ஆய்வாளர்கள் நீண்டகாலமாகவே கூறிவருகிறார்கள்.

ஒரு வால்வு மாற்றவேண்டிய வேலைதானே என்று நினைத்தேன். நகரில் ஏறாத ஹார்ட்வெயார் கடை இல்லை. "சேர், இந்த மொடல் இப்ப வாறதில்லை. முழுசா மாத்துறதுதான் சுகம்" என்பதே எங்கும் பதில். கொழும்பில் அதை விற்ற நிறுவனமும் கைவிரித்துவிட்டது. வேறு கம்பனி வால்வு அந்தத் தொட்டியின் துவாரத்துக்குப் பொருந்தவில்லை. ஒரே பீங்கானாக வார்க்கப்பட்டபடியால் தொட்டியை மாத்திரம் கழற்றி மாற்றவும் வழியில்லை. ஒரு கைப்பிடி அளவான பிளாஸ்ரிக் துண்டு கிடைக்காத காரணத்தால், கீறல் கூட இல்லாத கொமட் குப்பையாகிவிட்டது.

இதற்கிடையில் குழாயைப் பூட்டிவைத்து வாளியால் தண்ணீர் ஊற்றும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. ஒரு நாள் இரவு வாளியைத் தூக்கிய அம்மா ஈரமான தரையோட்டில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. எண்பது வயதைக் கடந்தவருக்கு அது அதிர்ஷ்டம். மறுநாள் அவர் என்னிடம் கூறியது, "தம்பி, எனக்கு அந்த வெளிக் கக்கூசே போதும், இதைப் பூட்டிவிடு" என்பதுதான். குந்தி எழும்ப முடியாத முழங்கால்களை வைத்துக்கொண்டு அவ்வாறு கூறினார்.

தம்பிக்குத் தொலைபேசியில் விடயத்தைச் சொன்னபோது, "அண்ணை, காசைப் பற்றி யோசிக்காதேங்கோ, அதே மாதிரி நல்ல சாமானாப் பாத்து வாங்குங்கோ" என்றான். அவனது பாசத்தில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. சண்டை தொடங்கியது 'நல்ல சாமான்' என்றால் என்ன என்பதில்தான். அங்கே பழுதானால் பிளம்பர் வருவார், உதிரிப்பாகம் அடுத்த நாளே கிடைக்கும். இங்கே அதே பொருளுடன் தனித்து வாழ்பவர் ஒரு முதியவர். பணம் அனுப்புபவரின் கண்ணுக்கு அழகானது, பாவிப்பவரின் கைக்கு எட்டாததாக இருந்தால் அது நல்ல சாமான் அல்ல. எங்கள் ஊர்களில் பூட்டிக் கிடக்கும் மேல்மாடிக் குளியலறைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

கடைக்குப் போவதற்கு முன்னர் அளவு நாடா எடுத்து இரண்டு அளவுகளைக் குறித்துக்கொண்டேன். ஒன்று, ஓடு பதித்த சுவரில் இருந்து தரையிலுள்ள கழிவுத் துவாரத்தின் நடுப்புள்ளி வரையிலான தூரம். எங்கள் வீட்டில் 300 மில்லிமீற்றர். இதை அளக்காமல் வாங்கினால் கொமட் சுவரோடு இடிக்கும், அல்லது துவாரத்தில் உட்காராது. தரையால் இறங்குவதை எஸ்-ட்ராப் என்றும் சுவருக்குள் போவதை பி-ட்ராப் என்றும் கடைக்காரர்கள் சொல்வார்கள். மற்றையது, அம்மாவைக் கதிரையில் இருத்தி, தரையில் இருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை எடுத்த அளவு. 16 அங்குலம். முதியவர்களுக்கு 17 அங்குலத்துக்கும் மேற்பட்ட உயரமான கொமட் உகந்தது என்று விற்பனையாளர்கள் வலியுறுத்துகிறார்கள். நெடிய மனிதர்களுக்கு அது சரி. உயரங்குறைந்த எங்கள் தாய்மாருக்குக் கால் தரையில் ஊன்றாது, தொங்கும். எழும்பும்போது ஊன்றுவதற்குத் தரைதானே வேண்டும்?

தண்ணீர் பாயும் முறையிலும் ஒரு தெரிவு இருக்கிறது. பழைய கொமட் சைபன் முறையில் உறிஞ்சி இழுக்கும் வகை. சத்தம் குறைவு, பார்வைக்குச் சுத்தம். ஆனால், அதன் வளைகுழாய் ஒடுக்கமானது, நீண்டது, அடைபடக்கூடியது. சுண்ணாம்பு படிந்து விளிம்புத் துவாரங்கள் சிறுத்துவிட்டால் உறிஞ்சும் வலுவும் போய்விடும். தண்ணீரின் வேகத்தால் நேராகத் தள்ளிவிடும் மற்றைய வகைக்குக் குழாய் அகலமானது, குறுகியது. சத்தம் சற்றுக் கூடுதல்தான். தூரிகையால் அடிக்கடி தேய்க்கவும் வேண்டும். வாளித் தண்ணீரை ஊற்றினாலும் அது வேலை செய்யும் என்பதால், மின்வெட்டைக் கண்ட நாட்டில் அதையே நான் தெரிவுசெய்வேன்.

மூன்று லீற்றருக்கு ஒன்று, ஆறு லீற்றருக்கு ஒன்று என்று இரு பொத்தான்கள் கொண்ட தொட்டிகளை எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள். 1980இல் அவுஸ்திரேலியாவில் அறிமுகமான நல்ல யோசனை. ஆனால், அந்த வால்வுகள் கசிவதால் சேமிப்பைவிட விரயமே கூடுதலாகிறது என்று 2020இல் பிரித்தானியாவின் தண்ணீர் நிறுவனங்களே எச்சரித்தன. ஆகவே, பொத்தான் எத்தனை என்பதைவிட, உள்ளே இருக்கும் வால்வு யாழ்ப்பாணத்துக் கடைகளில் தனியாகக் கிடைக்கிறதா என்பதே நான் கேட்ட கேள்வி. ஒரு கடைக்காரர் மேசையின் கீழிருந்து மூன்று வால்வுகளை எடுத்து வைத்தார். அவரிடமே வாங்கினேன்.

உள்நாட்டுத் தயாரிப்பு. தொட்டி வேறு, கோப்பை வேறு. விலை, தம்பி மனதில் வைத்திருந்ததன் மூன்றிலொரு பங்கு கூட இல்லை. வாங்குவதற்கு முன்னர் நாணயத்தால் பீங்கானைத் தட்டிப் பார்த்தேன், வெடிப்பிருந்தால் மணிபோல ஒலிக்காது. வளைகுழாயின் வாய்க்குள் விரலை விட்டு, உள்ளேயும் மினுக்கம் பூசப்பட்டிருக்கிறதா என்று தடவினேன். சமதரையில் வைத்து ஆட்டிப் பார்த்தேன். கடைப் பையன்கள் சிரித்தார்கள். வயதான மனிதரின் கிறுக்கு என்று நினைத்திருக்கக்கூடும்.

மேசனுடன் ஒரு வாக்குவாதம் நடத்தவேண்டியிருந்தது. சீமெந்து குழைத்து ஒட்டினால்தான் அசையாது என்பது அவரது அனுபவம். சீமெந்தால் ஒட்டிய பழையதை அவரே சுத்தியலால் உடைத்து எடுத்ததை நினைவூட்டி, ஆணிகளால் பூட்டி விளிம்புக்குச் சிலிக்கன் பூசுவதற்குச் சம்மதிக்க வைத்தேன். மிஞ்சிய பணத்தில் சுவரில் துருப்பிடிக்காத கைபிடிக் கம்பியொன்று பொருத்தினோம். அதற்கும் அவர் முணுமுணுத்தார், ஓடு வெடிக்கும் என்று. வெடிக்கவில்லை.

இரண்டாவது வாரம் அம்மாவிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கொமட்டைப் பற்றி எதுவும் கூறவில்லை. "அந்தக் கம்பியை இன்னும் கொஞ்சம் கிட்ட வைச்சிருக்கலாம்" என்றார். மேசனுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன்.