எழுப்பாத காமன்

"சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் ஒரு தேர்தலா?" என்று உள்ளூராட்சித் தேர்தலை இகழ்வோர் நம்மிற் பலர். 2025 மே 6-ஆம் நாள் நாமும் அத்தகைய மனநிலையில்தான் ஹட்டனை அடுத்த தோட்டப் பாடசாலைக்குச் சென்றோம். எழுபத்தைந்து வயதான அன்னையார் வாக்களிக்க விரும்பினார். துணைக்குப் போனோம் என்பதே உண்மை.

அவரோ திருவிழாவுக்குப் புறப்பட்டவர்போற் புதுச்சேலை உடுத்தியிருந்தார். சாவடியிலிருந்து வெளிவந்ததும், கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரலில் இருந்த மையை வெயிலிற் பிடித்துப் பார்த்துக்கொண்டார். நமக்கு நாணம் உண்டாயிற்று.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. மறு ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1950-இற் பிறந்த அன்னையார் பிறந்தபோதே நாடற்றவர். 1964 ஒப்பந்தம் மக்களைத் தலையெண்ணிப் பங்கிட்டது. அவருக்கு வழி பிறந்தது 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தினால். அப்போது வயது ஐம்பத்து மூன்று!

நண்பகலில் நகரத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் உணவருந்தினோம். சோறு, பருப்பு, அப்பளம் எல்லாம் அவருக்குப் பிடித்தன. இறுதியில் வந்த தேநீரை ஒரு வாய் பருகியவர், "நாம பறிச்ச கொழுந்து எங்க போகுது ராசா? இது வெறும் தூசியாவுல்ல இருக்கு!" என்றார். பக்கத்து மேசையில் இருந்தவர்களும் நகைத்தனர்.

"ஓட்டுப் போட்டாச்சு, லயத்துக்கு ரோட்டுப் போடுவாங்களா?" என்று அடுத்துக் கேட்டார். நியாயமான கேள்வி. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட, 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்து 33-ஆம் பிரிவு இடையூறாக நின்றது. வாக்குக் கேட்டு வந்த சபை, லயத்து வாசலிலே நின்றுவிடும். 2018-இலேயே அது திருத்தப்பட்டது. இனிச் சபையினர் சட்டத்தைக் காட்டித் தப்ப இயலாது. கேட்க வேண்டியவர் நாமே.

அவ்வாரச் சனிக்கிழமை மாலை மாணவர் சிலர் மண்டபமொன்றிற் காமன் கூத்தை மேடையேற்றினர். மாசி மாதத்திற் கம்பம் ஊன்றிப் பல இரவுகள் ஆடும் கூத்தை ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கியிருந்தனர். தப்பொலி முழங்கியது, சிவனாரின் நெற்றிக் கண்ணாற் காமன் எரிந்தான், ரதியின் புலம்பலில் சபையே உருகிற்று. அத்துடன் திரை விழுந்தது. கரவொலி எழுந்தது.

அன்னையார் மட்டும் எழவில்லை. "எரிச்சவன எழுப்பாம முடிச்சா கூத்து ஆகுமா ராசா?" என்றார். "நேரம் போதவில்லையாம், அம்மா" என்றோம். "எரிக்க மட்டும் நேரம் இருந்துச்சோ?" என்றார்.

விடை சொல்ல நம்மிடம் சொல் இல்லை. கல்லூரியில் இருபது ஆண்டுகள் வரலாறு கற்பிக்கும் நாம், எரித்த ஆண்டையே மாணவருக்கு மனனம் செய்விக்கிறோம். எழுப்பும் பணியைப் பிறருடையது என்று விட்டுவிடுகிறோம். சுண்டுவிரல் மை சில வாரங்களில் அழிந்துவிடும். அதன் பின் சபையின் கூட்டத்துக்குச் சென்று, "எங்கள் லயத்துப் பாதை எப்போது?" என்று கேட்பவர் எத்தனை பேர்? வாசக அன்பர்களே, நாம் போவதென்று முடிவு செய்துவிட்டோம். அன்னையாரும் உடன் வருவார்.