புத்தக முதலாளிகளின் நிறவெறி

புத்தகம் போடுகிற கம்பெனியில் வேலைநிறுத்தம் என்றால் நம்மவர்களில் சிலர் சிரிக்கக்கூடும். "நாற்காலியில் உட்கார்ந்து புரூப் பார்க்கிறவனுக்கு என்ன தோழர் ஸ்டிரைக்?" என்று ஒரு ஸ்பின்னிங் மில் தோழரே என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2022 நவம்பர் 10-ஆம் தேதி, அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் ஹார்ப்பர்காலின்ஸ் என்ற புத்தகக் கம்பெனியின் தொழிலாளர்கள் சுமார் 250 பேர் வேலையை நிறுத்திவிட்டு வீதிக்கு வந்தார்கள். சாமான்யமான கம்பெனியல்ல அது. அமெரிக்கப் புத்தகச் சந்தையைத் தங்கள் கைக்குள் வைத்திருக்கும் ஐந்து ராட்சஸக் கம்பெனிகளில் ஒன்று. பத்திரிகை ஏகபோகக்காரர் ரூபர்ட் மர்டாக்கின் தலைமையில் அன்று இருந்த நியூஸ் கார்ப் ஸ்தாபனத்துக்குச் சொந்தமானது. அந்த ஐந்தில் அன்று தொழிற்சங்கம் இருந்தது இந்த ஒன்றில் மட்டும்தான். அவர்கள் எந்தச் சங்கம் தெரியுமா? மோட்டார் தொழிலாளர்களின் யு.ஏ.டபிள்யூ. சங்கம், 2110-ஆம் கிளை! கார் செய்கிறவனும் புத்தகம் செய்கிறவனும் ஒரே சங்கத்தின் கொடியின் கீழ் நின்றார்கள்.

கேட்டது என்ன? ஆண்டுக்கு 45,000 டாலராக இருந்த ஆரம்பச் சம்பளத்தை 50,000 ஆக்கு. சங்கத்துக்குப் பாதுகாப்புக் கொடு. மூன்றாவது கோரிக்கையைக் கவனியுங்கள்: வெள்ளையரல்லாத மக்களும் இந்தக் கம்பெனியில் வேலைக்கு வரவும் நிலைக்கவும் ஒப்பந்தத்திலேயே உறுதி கொடு.

சம்பளத்துக்கும் தோல் நிறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அங்கேதான் சூட்சுமமே இருக்கிறது.

45,000 டாலர் என்றதும் ரூபாயில் கணக்குப் போட்டு வாயைப் பிளக்க வேண்டாம். நியூயார்க்கின் மையப் பகுதியில் ஒரு சின்ன வீட்டுக்கு மாத வாடகையே இரண்டாயிரம் டாலரைத் தாண்டும். வரி போக, ரயில் சார்ஜ் போக, காலேஜுக்கு வாங்கிய கடனுக்குத் தவணை போக, மிஞ்சுவது என்ன? அப்படியானால் இந்தச் சம்பளத்தில் யார் வேலைக்கு வர முடியும்? அப்பன் வீட்டிலிருந்து மாதாமாதம் பணம் வருகிறவன் வர முடியும். அதற்கு முன்னால் சம்பளமே இல்லாமல் அப்ரண்டிஸாக ஆறுமாதம் உழைக்கிற வழக்கமும் இந்தத் தொழிலில் நெடுங்காலம் இருந்தது. சோற்றுக்குக் கவலையில்லாதவனுக்குத்தானே அது சாத்தியம்?

அந்த நாட்டில் சொத்து யாரிடம் இருக்கிறது? அமெரிக்க மத்திய வங்கி 2022-இல் எடுத்த கணக்கு இது: நடுத்தரமான ஒரு வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். நடுத்தரமான ஒரு கறுப்புக் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர். ஆறில் ஒரு பங்கு! ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு அடிமைத்தனமும் நிறவெறிச் சட்டங்களும் வைத்துவிட்டுப் போன மிச்சம் இது. ஆகவே கம்பெனி வாசலில் "கறுப்பர்கள் வரக்கூடாது" என்று போர்டு மாட்ட வேண்டிய அவசியமே இல்லை. சம்பளச் சீட்டே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

லீ அண்ட் லோ என்ற சிறு பதிப்பகம் இந்தத் தொழிலில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. 2015-இல் நூற்றுக்கு 79 பேர் வெள்ளையர். 2019-இல் 76 பேர். கறுப்பு இனத்தவர் 5 பேர்தான். நாட்டு ஜனத்தொகையிலோ அவர்கள் நூற்றுக்கு 13. இன்னொரு விவரமும் உண்டு. 2019 கணக்கில் பயிற்சிக்கு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வெள்ளையரல்லாதவர்கள். அவர்கள் எல்லாம் பிறகு எங்கே போனார்கள்? புத்தகத்தின் மேல் ஆசை விட்டுப் போயிற்றா? இல்லை தோழர்களே, வயிறு விடவில்லை. வேறு வேலை தேடிப் போனார்கள்.

இப்படிச் சலித்து எடுத்த பிறகு, வருகிற கையெழுத்துப் பிரதிகளில் எது அச்சாக வேண்டும், எது குப்பைக்கூடைக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்க நாற்காலியில் மிஞ்சியிருப்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. 1950 முதல் 2018 வரை பெரிய கம்பெனிகள் வெளியிட்ட நாவல்களில் 7,124 நூல்களை ஆராய்ந்து 2020-இல் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை ஒரு கட்டுரை போட்டது. அந்த ஏடு நம் கட்சி ஏடல்ல, பெரிய முதலாளிகள் படிக்கிற ஏடு. நூற்றுக்கு 95 நூல்களை எழுதியவர்கள் வெள்ளையர்கள்!

இதற்கு முதலாளிகளின் வக்கீல்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "பணத்துக்கு நிறமில்லை. விற்கிற புத்தகத்தைப் போடுகிறோம், விற்காததைத் தள்ளுகிறோம். இதில் நிறவெறி எங்கே வந்தது?" என்பார்கள். கேட்கிறவர்களுக்கு நியாயம் போலவே தோன்றும். பார்ப்போம்.

கொசோலா என்று ஒரு மனிதர். ஆப்பிரிக்காவில் பிடிக்கப்பட்டு, 1860-இல் 'குளோடில்டா' என்ற கப்பலில் அமெரிக்காவின் அலபாமா கரையில் அடிமையாக இறக்கப்பட்டார். அடிமைகளை இறக்குமதி செய்வது சட்டப்படி தடுக்கப்பட்டு அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அதற்குப் பிறகு நடந்த திருட்டு வியாபாரம் இது. கிழவராகிவிட்ட கொசோலாவை, ஜோரா நீல் ஹர்ஸ்டன் என்ற கறுப்பு எழுத்தாளர் 1920-களில் தேடிப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வாழ்க்கையை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு எழுதினார். 1931-இல் புத்தகம் தயார். பதிப்பாளர்கள் என்ன சொன்னார்கள்? கிழவரின் கொச்சைப் பேச்சை எடுத்துவிட்டு ஒழுங்கான இங்கிலீஷில் எழுதிக் கொடு என்றார்கள். அடிமைக்கு நாக்கும் வேண்டாம் என்பதுதான் இதற்கு அர்த்தம். ஹர்ஸ்டன் மறுத்துவிட்டார். புத்தகம் பெட்டியில் கிடந்தது. கொசோலா 1935-இல் இறந்தார். ஹர்ஸ்டன் 1960-இல் புளோரிடாவில் ஏழைகளுக்கான விடுதி ஒன்றில் இறந்து, கல்லில்லாத குழியில் புதைக்கப்பட்டார். 'பராகூன்' என்ற அந்தப் புத்தகம் அச்சில் வந்தது 2018-இல். 87 வருஷம் கழித்து! வந்தவுடன் என்ன ஆயிற்று? அதிகம் விற்கும் நூல்களின் பட்டியலில் ஏறியது! போட்ட கம்பெனி எது? ஹார்ப்பர்காலின்ஸின் ஒரு கிளைதான். விற்காது என்று தள்ளினோம் என்கிறவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்வார்கள்?

ஜனங்கள் வாங்கத் தயாராக இருந்தபோதும் கத்திரிக்கோல் சும்மா இருக்கவில்லை. ரிச்சர்ட் ரைட் கதையைக் கேளுங்கள். மிஸிஸிப்பி மாகாணத்தில், வாரத்துக்கு நிலம் உழுத ஒரு விவசாயியின் மகனாக 1908-இல் பிறந்தவர். வாலிபத்தில் மெம்பிஸ் நகரத்தில் எடுபிடி வேலை பார்த்தார். அங்கே பொது நூலகத்தில் கறுப்பனுக்குப் புத்தகம் கிடையாது. கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரரின் நூலகச் சீட்டை வாங்கிக்கொண்டு, அந்த வெள்ளைக்காரர் எழுதியது போலத் தானே ஒரு துண்டுக் காகிதம் எழுதி எடுத்துப்போய், ஏதோ எஜமானுக்கு வாங்கிப் போகும் பையன் போல நின்று புத்தகம் வாங்கிப் படித்தார்! அப்படிப் படித்தவர் எழுதிய 'நேட்டிவ் சன்' நாவல் 1940-இல் வெளிவந்து, மூன்றே வாரத்தில் இரண்டு லட்சம் பிரதிகளுக்கு மேல் போயிற்று. அவ்வளவு விற்றதற்குக் காரணம், மாதம் ஒரு புத்தகம் தேர்ந்தெடுத்துச் சந்தாதாரர்களுக்கு அனுப்பும் ஒரு புத்தகச் சங்கம் அதை எடுத்துக்கொண்டது. ஆனால் சும்மா எடுக்கவில்லை. தங்களுக்குப் பிடிக்காத பகுதிகளை வெட்டி, மாற்றச் செய்து எடுத்தது. 1945-இல் அவருடைய சுயசரிதை 'பிளாக் பாய்' வந்தபோது பின்பகுதி முழுவதையும் நீக்கச் சொன்னது. தெற்கே நடக்கும் கொடுமையை எழுதலாம். வடக்கே சிகாகோவில் கறுப்பன் பட்ட பாட்டை எழுதக்கூடாது! நீக்கப்பட்ட பகுதி 1977-இல் தனிப் புத்தகமாக வந்தது. ரைட் அதைப் பார்க்கவில்லை. 1960-லேயே பாரிஸில் இறந்துவிட்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீக்கப்பட்ட அந்தப் பகுதியில் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியோடு ரைட்டுக்கு ஏற்பட்ட மனக்கசப்பும் இருக்கிறது. நமக்கு உறைக்கிற விஷயம்தான். இருந்தாலும் அதை அவர் சொல்லவும் நாம் கேட்கவும் வேண்டும். அவர் எழுதியதை வெட்டுகிற உரிமை புத்தக வியாபாரிக்கு எங்கிருந்து வந்தது?

இனி கூலி விவகாரத்துக்கு வருவோம். நம் ஊரில் முன்பணம் என்றால் அது கழுத்தில் விழும் கயிறு. பண்ணையிலோ சூளையிலோ வாங்கியவன் தலைமுறைக்கும் கட்டி அழுவான். எழுத்தாளருக்குக் கொடுக்கும் முன்பணம் வேறு மாதிரி. பின்னால் வரப்போகிற ராயல்டியில் அதைக் கழித்துக்கொள்வார்கள். விற்காவிட்டாலும் திருப்பிக் கேட்பதில்லை. அதனால், அதிகமாக முன்பணம் கொடுத்த புத்தகத்துக்குத்தான் கம்பெனி விளம்பரமும் அதிகமாகச் செய்யும், போட்ட பணத்தை எடுக்க வேண்டுமல்லவா! குறைவாகக் கொடுத்ததைக் கடை மூலையில் தள்ளிவிடும். பிறகு "பார்த்தாயா, விற்கவில்லை" என்று கையை விரிக்கும். விதை நெல்லைக் கொடுக்காமல் மகசூலைக் கேட்கிற மிராசுதார் நியாயம் இது.

இந்தத் தொகை யாருக்கு எவ்வளவு என்பது வெளியே தெரியாத ரகசியமாக இருந்தது. 2020 மே மாதம் மின்னியாபொலிஸில் ஜார்ஜ் பிளாய்டை ஒரு வெள்ளைப் போலீஸ்காரன் கழுத்தில் முழங்காலை வைத்துக் கொன்றான். நாடே கொதித்தது. அந்த ஜூனில் எழுத்தாளர்கள் தாங்கள் வாங்கிய முன்பணத்தைப் பகிரங்கமாகச் சொல்லத் தொடங்கினார்கள். மில்லில் பக்கத்துத் தறிக்காரனோடு கூலிச் சீட்டை ஒப்பிட்டுப் பார்ப்பது போலத்தான். அப்போது வெளிவந்தது குட்டு.

என்.கே. ஜெமிசின் என்ற கறுப்புப் பெண் எழுத்தாளர் இருக்கிறார். விஞ்ஞானக் கற்பனை நாவலுக்கான ஹியூகோ பரிசை 2016, 2017, 2018 என்று மூன்று வருஷம் அடுத்தடுத்து வாங்கியவர். அதற்கு முன் எவரும் அப்படி வாங்கியதில்லை. அந்த மூன்று நாவல்களுக்கும் அவருக்குக் கொடுத்த முன்பணம், நாவல் ஒன்றுக்கு 25,000 டாலர். அதற்கு முந்திய சில நாவல்களுக்கு 40,000 வாங்கியவருக்கு! மிஸிஸிப்பியைச் சேர்ந்த ஜெஸ்மின் வார்டு 2011-இல் தேசிய நூல் பரிசு வாங்கியவர். அதன் பிறகும் ஒரு லட்சம் டாலருக்குச் சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது என்றார். அதே நாட்களில், முதல் நாவலுக்கே பல லட்சம் டாலர் வாங்கியதை வெள்ளை எழுத்தாளர்கள் சிலர் தாங்களாகவே ஒப்புக்கொண்டார்கள். அவர்களுடைய நேர்மையைப் பாராட்ட வேண்டும். கம்பெனிகளிடம் அந்த நேர்மையைக் காணோம்.

அந்த ஜூன் 8-ஆம் தேதி, புத்தகக் கம்பெனிகளின் ஊழியர்கள் ஆயிரம் பேருக்கு மேல் தங்கள் அன்றாட வேலையை நிறுத்தி எதிர்ப்புக் காட்டினார்கள். மேலிடத்தார் பயந்துபோனார்கள். அறிக்கைகள் பறந்தன. பெரிய பதவிகளில் சில கறுப்பு முகங்கள் அமர்த்தப்பட்டன. சைமன் அண்ட் ஷூஸ்டரில் டேனா கேனடி, பாந்தியனில் லிசா லூக்கஸ். திறமைசாலிகள், சந்தேகமில்லை. கேனடி 2022-இல் வெளியேறினார். லூக்கஸ் 2024 மே மாதம் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். கூரைக்கு வர்ணம் பூசினார்கள், அஸ்திவாரத்தில் கை வைக்கவில்லை. இது ஒன்றும் புதிதல்ல. ஒரு வெல்டிங் தொழிலாளியின் மகளான டோனி மாரிசன், ராண்டம் ஹவுஸ் கம்பெனியில் எடிட்டராக இருந்தபோது கறுப்பு எழுத்தாளர்கள் பலரை அச்சுக்குக் கொண்டுவந்தார். நம் தோழர்களுக்குத் தெரிந்த ஏஞ்சலா டேவிஸின் சுயசரிதை 1974-இல் அவர் கைவழியாகத்தான் வந்தது. 1983-இல் மாரிசன் வேலையை விட்டார். அவர் திறந்த கதவு அவரோடு சாத்திக்கொண்டது. ஒரு ஆள் போனால் எல்லாம் போகும்படிதானே வைத்திருக்கிறார்கள்!

முதலாளி கொடுப்பான் என்று காத்திராமல் தாங்களே அச்சடித்தவர்களும் உண்டு. டட்லி ராண்டல் என்று ஒருவர். 1930-களில் ஐந்து வருஷம் போர்டு மோட்டார் கம்பெனியின் வார்ப்படச் சாலையில் வெந்தவர். பிறகு தபால்காரர், பிறகு நூலகர். 1963-இல் பர்மிங்காம் நகரத்து மாதாகோவிலில் நிறவெறியர்கள் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்களே, அதைப் பற்றி அவர் எழுதிய பாட்டை 1965-இல் டிட்ராயிட்டில் ஒற்றைத் தாளாக அச்சடித்தார். முதல் போட்டது சம்பளத்திலிருந்து 12 டாலர்! 'பிராட்சைட் பிரஸ்' என்ற பதிப்பகம் அப்படிப் பிறந்தது. புலிட்சர் பரிசு வாங்கிய முதல் கறுப்பரான கவி குவெண்டலின் புரூக்ஸ், ஹார்ப்பர் கம்பெனியின் நூல்களால் பெயர் பெற்றவர். இன்றைய ஹார்ப்பர்காலின்ஸுக்கு மூதாதை அது. 1969-இல் தம் புதிய கவிதைகளை இந்த 12 டாலர் பதிப்பகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். நான் ஒரு மேடையில் இதைச் சொன்னபோது வார்ப்படத் தொழிலாளி ஒருவர் எழுந்து கைதட்டினார்.

ஆனால் 12 டாலரை வைத்து ஐந்து ராட்சஸர்களை அசைக்க முடியாது. காகிதம், கடை, கிடங்கு, பள்ளிக்கூட ஆர்டர் எல்லாம் பெரியவர்கள் கையில். அதனால்தான் நியூயார்க் வீதி வேலைநிறுத்தத்தைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

அந்த ஸ்டிரைக் குளிர்காலம் முழுவதும் நடந்தது. நடுவிலே வட அமெரிக்காவில் நூற்றுக்கு 5 பேரை வேலையிலிருந்து அகற்றப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. பயமுறுத்தல் பலிக்கவில்லை. எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகளைக் கம்பெனிகளுக்குக் கொண்டுபோகும் ஏஜெண்டுகள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், ஸ்டிரைக் முடிகிறவரை புதிதாக எதையும் இங்கே கொடுக்க மாட்டோம் என்று கையெழுத்திட்டார்கள். 2023 பிப்ரவரியில் நிர்வாகம் இறங்கி வந்தது. ஆரம்பச் சம்பளம் உடனே 47,500 டாலர். 2025 தொடக்கத்தில் 50,000. ஆளுக்கு 1,500 டாலர் ரொக்கம். மற்றப் பெரிய கம்பெனிகளும் இந்தச் சமயத்தில் தங்கள் ஆரம்பச் சம்பளத்தை உயர்த்தின. அங்கே ஸ்டிரைக் செய்ய ஆளில்லாமலே!

கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. எழுத்தாளரின் முன்பணத்தைத் தீர்மானிக்கிற அறைக்குள் சங்கம் இன்னும் நுழையவில்லை. அந்த 50,000 டாலரும் நியூயார்க் வாடகைக்குப் போதாது என்று அவர்களே சொல்கிறார்கள்.