தொண்டுக்கும் பயிற்சி தேவை

சங்கங்களை நிர்வகிக்கும் செயலாளர்களுக்கென்றே அமெரிக்காவில் ஒரு சங்கம் உண்டு. 1920-ல் தோன்றி, வாஷிங்டனைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் அது, நிர்வாகம், நிதி, உறுப்பினர் சேர்ப்பு ஆகியவற்றில் பயிற்சி அளிக்கிறது. தேர்வில் தேறுவோருக்குச் சான்றிதழும் வழங்குகிறது. அங்கே அது சம்பளத்துக்குச் செய்யும் தொழில்.

மும்பைத் தமிழர் சங்கங்களிலோ செயலாளர் பொறுப்பு பெரும்பாலும் சம்பளமில்லாத் தொண்டு. பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் ரசீது எழுதுவோர் போற்றத்தக்கவர்களே. ஆனால் நல்ல மனம் மட்டும் சங்கத்தைக் காப்பாற்றாது. செயலாளருக்கு மாற்றல் உத்தரவு வந்ததும் பேரேடு காணாமற்போவதும், கணக்குக் கேட்டவர் பகைவராவதும், ஒரு சங்கம் இரண்டாவதும் பலரும் கண்டதே.

1860-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டம், ஆண்டுப் பொதுக்கூட்டத்தை அடுத்த 14 நாட்களுக்குள் நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யச் சொல்கிறது. இதைத் தவறாமல் செய்யும் சங்கங்கள் எத்தனை?

அமெரிக்க முறையை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. மும்பைச் சங்கங்களின் செயலாளர்கள் ஆண்டுக்கு இருமுறை ஒன்றுகூடி, கணக்கெழுதவும் பொறுப்பை முறையாக ஒப்படைக்கவும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டாலே போதும். கூலியில் மிச்சம் பிடித்துச் சந்தா கொடுக்கும் தாராவித் தொழிலாளிக்கு, அந்தப் பணம் போன வழி தெரிந்தாக வேண்டும்.