வருகிறதா, போகிறதா?

திருகையில் உளுந்து உடைத்திருப்பீர்கள். நடுக்குழியில் போடுகிறோம், சுற்றச் சுற்ற, உடைந்த பருப்பு ஓரத்தில் வந்து விழுகிறது. ஆகாயத்திலும் ஒரு திருகை உண்டு. ஆனால் எல்லாம் நேர்மாறு! ஓரத்தில் போட்டால் நடுவிலிருந்து மேலும் கீழுமாகப் பீறிட்டு அடிக்கிறது.

அதன் பெயர் எஸ்.எஸ். 433. திருவோண நட்சத்திரம் இருக்கிறதே, அதே கழுகு மண்டலத்தில்தான் இதுவும் இருக்கிறது. தூரம் சுமார் 18,000 ஒளியாண்டு. வெறும் கண்ணுக்குத் தெரியாது. 1977-இல் ஸ்டீபன்சன், சாண்டுலீக் என்ற இரு வான சாஸ்திரிகள் வெளியிட்ட நட்சத்திர ஜாபிதாவில் இது 433-வது வரி. அப்போது அதற்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான்!

அடுத்த ஆண்டு, அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் மார்கன் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்துத் திகைத்தார். நம்மை நோக்கி வரும் பொருளின் ஒளி நீலப் பக்கம் நகரும். விலகிப் போகும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும். இதன் ஒளியோ இரண்டு பக்கமும் நகர்ந்திருந்தது! ஒரே ஆசாமி ஒரே சமயத்தில் வாசலில் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்க முடியுமா?

ஆசாமி ஒருவர் அல்ல என்றால் முடியும். 1979-இல் இங்கிலாந்தில் பேபியனும் ரீஸும், இஸ்ரேலில் மில்கிராமும் அந்த விடையைச் சொன்னார்கள்: எதிரெதிர்த் திசையில் பாயும் இரண்டு தாரைகள்!

அங்கே இருப்பது ஒரு ஜோடி. ஒன்று பருத்த நட்சத்திரம். மற்றொன்று கருந்துளை என்று பெரும்பாலோர் கருதும் சிறிய, கனத்த பொருள். பெரியதின் வாயுவைச் சிறியது இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 30 பூமிகளின் எடை! வாயு தட்டுப் போலச் சுழன்று, உராய்ந்து, கொதிக்கிறது. அத்தனையையும் விழுங்க முடியுமா? உள்ளே போனது போனதுதான். வாசலிலேயே தப்பியதில் ஒரு பங்கு, தட்டின் இரு புறமும் தாரையாகப் பாய்கிறது. ஒளியின் அழுத்தமும் காந்த சக்தியும் அதைத் தள்ளுகின்றன என்பது விஞ்ஞானிகளின் எண்ணம்.

வேகம் விநாடிக்கு 78,000 கிலோமீட்டர். அந்த வேகத்தில் இங்கிருந்து சந்திரனுக்கு ஐந்தே விநாடி! தாரைகள் நேராகவும் நிற்பதில்லை. ஓயப் போகும் பம்பரம் போலத் தலையை ஆட்டுகின்றன. ஒரு சுற்றுக்கு 162 நாள். அவற்றில் இரும்பும் இருக்கிறது. ஆமாம், உங்கள் தோசைக்கல்லில் உள்ள அதே இரும்புதான்!

கருந்துளை என்றால் எதையும் விடாமல் விழுங்கும் அரக்கன் என்று குழந்தைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். இனிமேல் சற்றுத் திருத்திச் சொல்லுங்கள். அளவுக்கு மிஞ்சி ஊட்டினால் அரக்கனும் திணறுகிறான். அவன் வாய்க்கு எட்டாமல் தப்பியது, ஒளியாண்டுகள் தாண்டிப் போகிறது.

ஜாபிதாவில் ஒரு வரியாகக் கிடந்ததை ஒருவர் மறுபடி பார்த்ததால் அல்லவா இவ்வளவும் தெரிந்தது? அடுத்த முறை மொட்டை மாடியில் குழந்தைக்குத் திருவோணத்தைக் காட்டும்போது, அதன் பக்கத்து இருட்டையும் கொஞ்சம் காட்டி வையுங்கள்.