ஆசிரியர் கடனும் அரசின் வாக்கும்

ஐக்கிய அமெரிக்காவில் ஆசிரியத் தொழிலுக்கு வருவோர் பலர், முதற் சம்பளம் வாங்குமுன்பே கடனாளிகளாகி விடுகின்றனர். சர்வகலாசாலைக் கட்டணத்தைக் கடன்பட்டுக் கட்டுவது அங்கு சாதாரணம். இலவசக் கல்வியில் வளர்ந்த எமது வாசகர்க்கு இது விசித்திரமாகத் தோன்றலாம்; ஈடும் வட்டியும் அறிந்த கமக்காரருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இக்கடனைத் தள்ளுபடி செய்யும் வழக்கம் புதியதன்று. 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும், தம் கல்வி பின்தங்கிவிட்டதோ என்ற அச்சம் அமெரிக்கரைப் பற்றிக்கொண்டது. 1958இல் நிறைவேறிய தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், கடன்பெற்றுப் படித்து அரசாங்கப் பாடசாலை ஆசிரியரானவருக்கு ஆண்டுக்கு 10 வீதமாக, கடனிற் பாதிவரை நீக்கியது. ஓராண்டு படிப்பித்தால் ஒரு பங்கு தீரும்; கணக்கு அவ்வளவே.

பின்வந்த ஏற்பாடுகளில் அந்த எளிமை இல்லை. வறிய பிள்ளைகள் பயிலும் பாடசாலையில் 5 கல்வியாண்டுகள் தொடர்ந்து படிப்பித்தவருக்கு 5,000 டொலர் வரையும், உயர்வகுப்புக் கணித, விஞ்ஞான ஆசிரியருக்கும் விசேட கல்வி ஆசிரியருக்கும் 17,500 டொலர் வரையும் தள்ளுபடி உண்டு. நான்காம் ஆண்டோடு விலகியவருக்கோ ஒரு சதமும் இல்லை. 2007ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு வழியைத் திறந்தது: பொதுச்சேவையில் இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டியவரின் மிகுதிக் கடன் முழுவதும் நீங்கும். ஆயின், ஒரே சேவைக்காலத்தை இரண்டுக்கும் காட்ட முடியாது. 5,000 டொலரை ஆவலோடு பெற்றவர், அந்த ஐந்தாண்டையும் மற்றதில் இழக்கிறார். பெருங்கடன் உள்ளவருக்கு இச்சலுகை ஒரு பொறியே.

2017இல் முதல் மனுக்கள் சென்றபோது 100க்கு 99 அளவில் நிராகரிக்கப்பட்டன. கடன் வேறு இனமாம், தவணைத் திட்டம் வேறாம்! 2021 அக்டோபரில் விதிகள் தற்காலிகமாகத் தளர்ந்தன. 2024 முடிவுக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பொதுச்சேவையாளரின் கடன் நீங்கிற்று. முன்னர் தள்ளப்பட்ட பலர் புதிதாக எதுவும் செய்திலர். அதே சேவைதான் இப்போது கணக்கிற் சேர்ந்தது.

தள்ளுபடியை நாம் தருமமாகக் கொள்ளவில்லை. வசதியற்ற பாடசாலைக்கு ஆசிரியரை அழைக்க அரசாங்கம் முன்கூட்டிப் பேசிய கூலி அது. பேசிய கூலியை ஆண்டுதோறும் கழித்துக் கொடுப்பதே முறை. 1958இல் முடிந்தது இன்று முடியாதா? வறிய பாடசாலைகளின் பட்டியலை வெளியிடுவது அரசாங்கமே. கடனேடும் அதன் வசமே. இருந்தும், நிர்வாகியின் ஒப்பம் பெற்று மனுவோடு அலைபவர் ஆசிரியராகவே இருக்கிறார்.