தூயது எல்லாம் நல்லதா?

"தூய பதார்த்தங்கள் இரண்டும் கலவைகள் இரண்டும் தருக." தவணைப் பரீட்சையில் இவ்வினா வந்தால் எமது மாணவிகளில் எவரும் திணறுவதில்லை. தங்கம், காய்ச்சி வடித்த நீர் என்று ஒரு பக்கம் எழுதுவர். வளி, கடல்நீர் என்று மறுபக்கம் எழுதுவர். முழுப் புள்ளியும் கிடைத்துவிடும். ஆனால் அதே மாணவி மாலையில் கடைக்குச் சென்று, "நூறு வீதம் தூயது" என்று அச்சிட்ட பால் பக்கெற்றைக் கையில் எடுக்கும்போது அந்தப் பாடம் அவளுடன் வருகிறதா? பெரும்பாலும் வருவதில்லை. சடப்பொருளை வகைப்படுத்தல் என்னும் அருமையான பாடம், அட்டவணை நிரப்பும் பயிற்சியாகச் சுருங்கிப் போயிருப்பதே இதற்குக் காரணம் என்பது என் கருத்து.

பாடம் சொல்வது எளிமையானது. ஒரே வகைப் பொருளால் மட்டும் ஆனது தூய பதார்த்தம். அது தங்கம் போன்ற மூலகமாக இருக்கலாம். நீர் போன்ற சேர்வையாகவும் இருக்கலாம். நீரை எங்கிருந்து பெற்றாலும் அதில் ஐதரசனும் ஒட்சிசனும் திணிவின்படி 1:8 என்ற விகிதத்திலேயே இருக்கும். கலவையோ அப்படியல்ல. அதன் கூறுகளைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒவ்வொரு கூறும் தன் இயல்பை இழக்காமல் இருக்கும். வடித்தல், ஆவியாக்கல் போன்ற பௌதிக முறைகளால் அவற்றை வேறாக்கவும் முடியும்.

இதில் "தூய" என்ற சொல் புகழ்ச்சியன்று. "கலவை" என்ற சொல் இகழ்ச்சியுமன்று. இங்கேதான் நாம் தடுமாறுகிறோம். கடல்நீரை எடுத்துக்கொள்வோம். அதனால் வுழூச் செய்யலாம். மார்க்கத்தின் பார்வையில் அது தூய நீர். இரசாயனவியலின் பார்வையில் அது ஒரு கலவை. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. தாகம் தீர்க்கவோ அது உதவாது. ஒரே நீருக்கு மூன்று இடங்களில் மூன்று விடைகள். ஆகவே "தூயது" என்று யாராவது சொன்னால், எந்தப் பொருளில் சொல்கிறார் என்று கேட்பதே அறிவுடைமை.

பால் பக்கெற்றுக்கு மீண்டும் வருவோம். பசுப்பாலில் ஏறத்தாழ 87 வீதம் நீர். மீதி கொழுப்பு, புரதம், பாலுக்குரிய வெல்லம், கனியுப்புகள். கறந்த பாலே ஒரு கலவைதான்; இரசாயனவியலில் "தூய பால்" என்று ஒன்று இல்லை. விற்பவர் சொல்ல விரும்புவது, அதில் வேறெதுவும் சேர்க்கவில்லை என்பதையே. அது உண்மையா என்பதைப் பெரிய எழுத்து சொல்லாது. பின்புறத்திலுள்ள சிறிய எழுத்தைத்தான் வாசிக்க வேண்டும்.

அட்டவணையில் நாம் தூய பதார்த்தம் என்று எழுதிய தங்கமும் அப்படித்தான். கழுத்திலுள்ள 22 கரட் சங்கிலி தூய தங்கமல்ல. 24 பங்கில் 22 பங்கே தங்கம். மீதி செம்பு, வெள்ளி போன்ற உலோகங்கள். எட்டுக் கிராம் கொண்ட ஒரு பவுணில் தங்கம் ஏறத்தாழ 7.3 கிராம் மட்டுமே. இது ஏமாற்றல்ல. தூய தங்கம் மென்மையானது. அன்றாடம் அணியும் நகை உறுதியாக இருக்க வேறு உலோகம் வேண்டும். 22 கரட் என்று சொல்லி அதைவிடக் குறைந்ததைத் தருவதே ஏமாற்று. கலப்பது குற்றமன்று; கலந்ததை மறைப்பதே குற்றம்.

இதற்கு உப்பைவிடச் சிறந்த சான்று இல்லை. புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் ஆனையிறவிலும் கடல்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் ஆவியாக விடுகிறார்கள். முதலில் கல்சியம் காபனேற்றும் அடுத்து கல்சியம் சல்பேற்றும் படிகின்றன. அதன் பின்னரே நமக்கு வேண்டிய சோடியம் குளோரைட்டு பளிங்காகிறது. கசப்பைத் தரும் மகனீசியம் உப்புகள் எஞ்சிய நீரோடு அகற்றப்படுகின்றன. இவ்வளவு பாடுபட்டு வேறாக்கிய உப்பில், கடைசியில் நாமே அளந்து அயடின் சேர்வை ஒன்றைக் கலக்கிறோம்! மனிதர் உண்ணும் உப்பில் அயடின் இருக்க வேண்டும் என்று 1995இல் எமது நாட்டில் சட்டமே வந்தது. அயடின் குறைந்தால் கண்டக்கழலை உண்டாகும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும். நாளைய தாய்மாருக்கு இது வெறும் பரீட்சைக் குறிப்பா? ஆனாலும் உப்பைக் கழுவிப் பாவிக்கும் வழக்கமும் மூடாமல் அடுப்பருகே வைக்கும் வழக்கமும் இன்னும் சில வீடுகளில் உள்ளன. இரண்டிலும் வீணாவது அந்த அயடின்தான்.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஏகவினக் கலவையில் கரைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. வடமத்திய மாகாணத்தின் பல கிணறுகளில் நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். ஆனால் புளோரைட்டு மிகுதியாக இருக்கும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படாதிருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை மீறிய நீரைச் சிறுவயதிலிருந்தே குடிப்போரின் பற்களில் கபில நிறக் கறை படிகிறது. "கொதிக்க வைத்தால் சரி" என்போம். கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும். கரைந்த புளோரைட்டு போகாது. நீர் ஆவியாக ஆக, அதன் செறிவு கூடத்தான் செய்யும். அதே புளோரைட்டு சிறிதளவில் பற்பசையில் இருந்து பல்லைக் காக்கிறது. எது கலந்திருக்கிறது என்பதோடு, எவ்வளவு கலந்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை, இதற்கெல்லாம் எங்கே நேரம் என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இது புதிய பாடமன்று. உதாரணங்களை மனனம் செய்ய வைக்கும் அதே வேளையில், வீட்டிலிருந்து ஆளுக்கொரு வெற்றுப் பக்கெற்றைக் கொண்டுவரச் செய்து, அதில் எழுதியிருப்பதை வகைப்படுத்தச் சொல்லலாம். அப்படிப் படித்தது மறக்காது, புள்ளியும் குறையாது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். கடைக்குப் போகும்போது மகளையும் அழைத்துச் செல்லுங்கள். அவள் பக்கெற்றைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றால், "நேரமாகிறது, வா" என்று அவசரப்படுத்தாதீர்கள். அவள் அங்கே தன் பாடத்தைத்தான் படிக்கிறாள்.

மாணவிகளே, தூயதா கலவையா என்ற முதற் கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். என்ன கலந்திருக்கிறது? எவ்வளவு கலந்திருக்கிறது? வேண்டாததை எப்படி வேறாக்கலாம்? இம்மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். உண்பதையும் குடிப்பதையும் அணிவதையும் பற்றி இப்படிக் கேட்கப் பழகிய ஒரு பெண்ணை, "நூறு வீதம் தூயது" என்ற ஒரு வரியால் எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது.